இரண்டு இழுப்பு

ஊருக்கு நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லைத் தூக்கிப் போட்டால் விழுந்த சத்தம் திரும்பி வராது, அப்படிப்பட்ட ஆழம். அதைச் சுற்றித்தான் தெருக்கள், கடைகள், பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாம். விளிம்பில் இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பியில் ஈரத்துணி காயப்போட ஊர்ப் பெண்கள் எப்போதோ பழகிவிட்டார்கள். எமன் வீட்டு வாசலில் குடியிருந்தாலும் துணி காய்ந்தாக வேண்டுமே.

பள்ளத்துக்கு இரண்டு குணம் உண்டு. நடு ஆழம் வரைக்கும் எங்கே முணுமுணுத்தாலும் மேலே கேட்கும், அதற்கும் கீழே போனால் எந்தச் சத்தமும் மேலே வராது. மேலே இருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே ஒரு சொல் போகாது. இன்னொன்று, பொழுது சாயும்போது பள்ளம் மூச்சு விடும். நடு ஆழத்துப் பாறை வெடிப்புகளில் இருந்து கொதிக்கக் கொதிக்க ஆவி கிளம்பும். விளிம்புக்கு வந்து சேரும்போது அது வெறும் வெதுவெதுப்பான காற்று, துணி நன்றாகக் காயும். நடு ஆழத்தில் மாட்டிக்கொண்டவன் வெந்து போவான். அதற்கும் கீழே போய்விட்டால் சூடு கிடையாது, அங்கே வேறொரு உலகமே இருக்கிறது என்று சொல்வார்கள். சொல்வது என்ன, அதைப் பார்க்கப் போனவரே ஒருவர் இருக்கிறார். அவர்தான் அக்காவின் அப்பா.

அக்கா என்றால் ஊருக்கே அக்கா. தம்பி ஒருவன் நாள் முழுக்க அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அப்பா இறங்கிய அன்று அவளுக்குத் தானாகச் சடை பின்னத் தெரியாது. தம்பி அம்மா வயிற்றில் இருந்தான். "ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் தோல்வாரைக் கட்டி, கொக்கியில் கயிற்றை மாட்டிக்கொண்டு இறங்கினார் மனுஷன். எட்டிப் பார்க்கப் போனவர் எட்டிப் பார்த்தபடியே இருக்கிறார். தம்பிக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

ஊருக்கு அவர் என்றால் உயிர். கீழே கிடைக்கிற அதிசயங்களை அவர் காற்றில் விட்டுவிடுவார். பள்ளத்தின் மூச்சு அவற்றை மேலே தள்ளிக்கொண்டு வரும். கதவு அகலத்துக்கு ஒரு சிவப்பு இலை வந்தது. உள்ளே வெளிச்சம் எரிகிற இறகு ஒன்று வந்தது. ஒருமுறை, கையில் பிடித்தால் மெல்ல முனகுகிற விதை ஒன்று வந்து மருந்துக்கடைக் கூரையில் விழுந்தது, அதைப் பார்க்க ஊரே ஏணி போட்டு ஏறியது. ஆழத்தார் என்று பெயர் வைத்தார்கள், தெருமுனையில் சிலை வைத்தார்கள். சிலையின் இடுப்பில் கயிற்றைக்கூட அச்சு அசலாகச் செதுக்கியிருந்தார்கள். அந்தக் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று செதுக்க மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

மறுமுனை இருந்தது இறக்குக் கொட்டகையில். ஊர் ஆண்களும் பெண்களும் மேல்திட்டுகளில் இருட்டில் ஒளிரும் விளக்குப்பாசி அறுக்க இறங்குவது அங்கிருந்துதான். சுவரை ஒட்டி வரிசையாகச் சின்ன உருளைகள், ஒவ்வொன்றிலும் மேல்திட்டு வரைக்கும் எட்டுகிற குட்டைக் கயிறு. நடுவில் ஒரு பெரிய உருளை. அதிலிருந்து போகிற கயிறு பள்ளத்தின் நடு வரைக்கும் நீட்டியிருக்கும் உத்தரத்தின் மேல் ஓடி, அங்கிருந்து நேராக இருட்டுக்குள் இறங்கும். அது அப்பாவின் கயிறு. ஆழத்தில் வளைவுக்கு வளைவு சின்னச் சின்ன உருளைகளைப் பாறையில் அடித்து, அவற்றின் மேல் அதை ஓடவிட்டு, அவர் போய்க்கொண்டே இருந்தார்.

கயிற்றில் பேச மூன்றே பேச்சுதான். ஓர் இழுப்பு என்றால் இருக்கிறேன். இரண்டு என்றால் கயிறு கொடு. மூன்று என்றால் மேலே தூக்கு. மேலே இருப்பவர்களுக்கு அந்த மூன்றும் கிடையாது. பதிலுக்கு ஓர் இழுப்பு, நாங்களும் இருக்கிறோம், அவ்வளவுதான். வீட்டு வாசலைத் தாண்டினவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டாலே முகம் சுளிக்கிற ஜனங்கள் அவர்கள். ஆழத்தில் இருப்பவரை வா என்று கூப்பிட்டால் அவர் கால் தடுமாறும், அவரிடம் எதையும் கேட்டால் கை நடுங்கும், ஆகவே ஆகாது என்று வைத்திருந்தார்கள். கேட்கிற உரிமை கீழே இருப்பவருக்கு, கொடுக்கிற கடமை மேலே இருப்பவருக்கு. நல்ல நியாயம்.

அப்பா இழுத்ததெல்லாம் இரண்டு, இரண்டு, இரண்டு. இருக்கிறேன் என்று தனியாக ஒரு இழுப்பு ஒருநாளும் வந்ததில்லை. கயிறு கேட்கிறார் என்றாலே இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்று அம்மா தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள். தேற்றிக்கொண்டே கயிறு திரிப்பாள். நார் வாங்கித் திரித்தாள். நார் கிடைக்காத நாட்களில் சன்னல் திரையைக் கிழித்துத் திரித்தாள். போர்வை போனது, அவள் கல்யாணப் புடவை போனது, தொட்டில் துணியும் போனது. எல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைசியில் திரிக்கிற கொக்கிக்கு முன்னால், முறுக்கின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி, உட்கார்ந்தவாக்கில் செத்துப்போனாள். அந்தத் திரியை அக்காதான் அவள் வாயிலிருந்து எடுத்து முடித்தாள். அம்மா போன சேதியைச் சொல்லக் கயிற்றில் ஒரு பேச்சு இல்லை. அன்றைக்கும் கீழே இருந்து இரண்டு இழுப்பு வந்தது.

அதற்குப் பிறகு அக்கா திரித்தாள். கைவிரல்கள் காய்த்து, மடக்கினால் முழுசாக மடங்காது. ஊரில் ஒரு கேலி உண்டு, அக்கா பொய்யே சொல்ல மாட்டாள், ஆனால் நாள் முழுக்கக் கயிறு திரிப்பாள் என்று. அவளும் சிரித்துவைப்பாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். எங்கள் வீட்டில் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அவள் சொல்லும்போது மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தம்பிக்கு அப்பா பைத்தியம். பார்த்ததே இல்லை அல்லவா, அதனால் குறையே தெரியாது. சிலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அப்பா இந்நேரம் எங்கே போயிருப்பார், எதைக் கண்டிருப்பார் என்று கூட்டாளிகளிடம் அளப்பான். ஒருநாள் இராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சு. அன்றைக்கு அக்காவின் கை கன்றிப்போய் இருந்தது, சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை. சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவ்வளவு பாசம் இருந்தால் நீயே இறங்கிப் போய் உங்கப்பனைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டாள். அவன் ஒன்றும் பேசாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தான். வாயைத் திறந்தால் வம்பு என்று தெரிந்தவள்தான். சில நாள் தெரிந்தும் வந்துவிடுகிறது.

மறுநாள் மதியம், புதிதாகத் திரித்து முடித்த கயிற்றுச் சுருளை அப்பாவின் கயிற்றோடு சேர்ப்பதற்கு அவள் கொட்டகைக்குப் போனாள். பெரிய உருளையில் ஒரு சுற்றுக் கயிறுகூட மிச்சமில்லை, உள்மரம் தெரிந்தது. மூலையில் வைத்திருந்த புதுச் சுருளும் இல்லை. ஓர உருளை ஒன்றிலிருந்து அது சுவரை ஒட்டிப் பள்ளத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. உருளைக்காரர், அவளுக்கு மாமா முறை, அப்போதுதான் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். அவரும் பார்த்தார். தம்பி இறங்கிவிட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பாரம் இல்லை.

அப்போதுதான் கீழே இருந்து சத்தம் வந்தது. பக்கத்து அறையில் இருந்து கூப்பிடுவது போல அத்தனை தெளிவு.

"அக்கா, பயந்துடாத. கயிறு பத்தல. கொஞ்ச தூரம்தானேன்னு கழட்டிட்டுப் பாறையில இறங்கினேன், சறுக்கிடுச்சு. ஒரு திட்டுல உக்காந்திருக்கேன். கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கு."

கொஞ்சம் என்று அவன் சொன்னால் என்ன அளவு என்று அவளுக்குத் தெரியும். மாடிப்படியில் விழுந்து கை முறிந்தபோதும் கொஞ்சம் என்றுதான் சொன்னான். எங்கே இருக்கிறாய், என்ன தெரிகிறது, சுவர் சுடுகிறதா என்று விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தினாள். கீழே ஒன்றும் போகாது என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவள், தெரிந்தும் கத்தினாள். அவன் அவன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். தன் கயிற்று முனை தலைக்கு மேலே எங்கேயோ இருட்டில் ஆடுவதாகவும், அப்பாவின் கயிறு எதிரே நட்ட நடுவில் கைக்கெட்டாத தூரத்தில் போவதாகவும், பாறை வெடிப்புகள் இங்கே நிறைய இருப்பதாகவும் சொன்னான். வெடிப்புகள் என்றதும் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பையன் சரியாக நடு ஆழத்தில் இருந்தான்.

பொழுது சாய்வதற்குள் அவனை எடுத்தாக வேண்டும்.

ஊர் திரண்டு வந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கிணற்றுக் கயிறு, துணிக்கொடி, மாட்டுக் கயிறு, ஊஞ்சல் சங்கிலி என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போட்டார்கள். பாசி அறுப்பவர்கள் தங்கள் குட்டைக் கயிறுகளை உருவிக் கொடுத்தார்கள். ஆனால் ஆழத்துக்கு இறக்கும் கயிற்றை முடிச்சுப் போட்டுச் சேர்க்க முடியாது. முடிச்சு உருளையின் வாயில் நுழையாது, பாரம் ஏறினால் முடிச்சில்தான் அறும். இழைக்குள் இழையை விட்டுப் பின்னித்தான் சேர்க்க வேண்டும். ஒரு சேர்ப்புக்கு ஒரு பகல் பிடிக்கும். இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று முடிச்சே போட்டார்கள். மாமா, பையன் எடைக்கு ஒரு கல்லைக் கட்டி விளிம்பு வழியாகக் கைப்பிடியாக இறக்கச் சொன்னார். பாதி ஆழத்தில் பட்டென்று ஒரு சத்தம், கை கையாகப் பிடித்திருந்தவர்கள் எல்லாம் மல்லாக்க விழுந்தார்கள். கல் போனது போனதுதான். கீழே விழுந்த சத்தம் கேட்குமா என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அக்கா, இப்ப எதோ என்னைத் தாண்டிப் போச்சு. கல்லா?" என்றான் தம்பி கீழே இருந்து. அப்புறம், "நல்லவேளை, நான் இல்ல" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த ஊரில் முடிச்சில்லாத, முறுக்கு மாறாத, ஆழத்துக்குப் போதுமான கயிறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கண் முன்னால் உத்தரத்தில் இருந்து விறைப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் அவளும் ஆயுசு முழுக்கத் திரித்த கயிறு. அதை மேலே இருந்து இழுத்தெடுக்க வழியில்லை. முனை அப்பாவின் இடுப்பு வாரில் இருக்கிறது. பலவந்தமாக இழுத்தால் ஆள் முதல் வளைவிலேயே சிக்கிக்கொள்வார், கயிறு ஒரு முழம் வராது. அவரும் பாறையில் மோதிச் சாவார். மேலே அறுத்தாலோ மொத்தமும் கீழே போகும். அவராகப் பார்த்து வந்தால்தான் உண்டு.

அக்கா எழுந்து போய் அப்பாவின் கயிற்றில் கையை வைத்தாள். மாமாவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம், போனவரைக் கூப்பிடக்கூடாது, உங்கம்மா சாகும்வரை கூப்பிட்டதில்லை என்றார். கூட்டத்தில் இன்னும் சிலரும் அதையே சொன்னார்கள். ஊர் முறை என்று ஒன்று இருக்கிறது என்றார் சிலையைத் திறந்து வைத்த பெரியவர்.

கூப்பிடாமல் செத்தவளும் அவள்தான் என்று மட்டும் சொன்னாள் அக்கா.

மூன்று இழுப்பு இழுத்தாள். உருளைக் கைப்பிடியில் முழு எடையையும் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று. மேலே வா.

உடனே ஒன்றும் வரவில்லை. கயிற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு ஆயுசுக்குச் சேர்த்து வைத்த கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டவள் எப்படி நிற்பாள், அப்படி. கடைசியில் உத்தரம் கிறீச்சிட்டது. கயிறு ஆடியது. ஒன்று. இரண்டு.

மூன்றாவது வருமென்று கொட்டகையே மூச்சைப் பிடித்தது. வரவில்லை. இரண்டுதான். கயிறு கொடு.

அவளுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. பாவி, பாவி என்று கயிற்றையே அடித்தாள். உனக்குக் கயிறா வேண்டும், உன் பிள்ளை வேகப்போகிறான், அவனைத் தின்றுவிட்டு ஆழத்தைப் பார் என்று கத்தினாள். அந்த வார்த்தைகளில் ஒன்றாவது அந்த ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அங்கேயே கல்லாய்ச் சமைந்திருப்பார். ஒன்றும் சேரவில்லை. ஆழத்தார் என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஜனங்கள் தரையைப் பார்த்தார்கள். பெரியவர் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போனார்.

வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. விளிம்புக் கம்பியில் துணி மெல்ல அசைய ஆரம்பித்தது.

"அக்கா, சுவர் லேசா சுடுது." தம்பியின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நீ இருக்கியா? இருந்தா சரி. நேத்து நீ சொன்னதுக்காக நான் வரல. அத மனசுல வச்சுக்காத. நானேதான் வந்தேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட வரவில்லை. கை மட்டும் பழக்கத்தில் கயிற்றைப் பிடித்திருந்தது. மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையனுக்கு வலி தெரியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்வோம் என்றார். நல்ல மனுஷன்தான், அவருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும். அவள் காதில் அது விழவில்லை. அந்த இரண்டு இழுப்பு இன்னும் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. நினைவு தெரிந்த நாளாக வாங்கி வாங்கி அவள் கைக்கு அத்துப்படியான இழுப்பு. அப்பா குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்துவிட்டது, ஆனால் இந்த இரண்டு இழுப்பு மறக்காது. அவருக்கும் இந்த வீட்டோடு பேசத் தெரிந்தது அது ஒன்றுதான். வா என்றால் அவருக்குப் புரியாது. வா என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை, அவரும் யாரையும் கூப்பிட்டதில்லை. கயிறு வேண்டும் என்றால் புரியும். அது இல்லாமல் தவிப்பது என்றால் என்னவென்று, அந்த மனுஷனைத் தவிர வேறு யாருக்குத் தெரியப்போகிறது.

எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள்.

"என்ன பண்ணப்போற?" என்றார் மாமா.

"கயிறு கேக்கப்போறேன்."

"மேல இருந்து கீழ கயிறு கேட்ட கதை உண்டாம்மா?"

"எனக்கு வேணும் மாமா. இருக்கறது அவர்கிட்ட. வேற யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

இரண்டு இழுப்பு இழுத்தாள்.

பதில் சட்டென்று வந்தது. இரண்டு. தான் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்திருப்பார். ஆமாம், கயிறு கொடு, இதைத்தானே அப்போதும் கேட்டேன் என்று. அவள் விடவில்லை. மறுபடி இரண்டு. கீழே இருந்து மறுபடி இரண்டு, இந்தமுறை கொஞ்சம் எரிச்சலோடு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இரண்டு. பார்க்கிறவர்களுக்கு, கொட்டாங்கச்சிக்குச் சண்டை போடும் குழந்தைகள் போல இருந்திருக்கும். உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடியில் ரத்தம் ஒட்டியது. எனக்குக் கயிறு கொடு. எனக்குக் கொடு. ஒருமுறையாவது நீ கொடு.

கீழே இருந்து வந்த இழுப்பு நின்றுபோனது.

மாமா எழுந்து நின்றார். எவ்வளவு நேரம் என்று எவரும் பார்க்கவில்லை. தம்பி கீழே எதையோ பாட முயல்வது மட்டும் கேட்டது, பாதியில் இருமினான், பாட்டை விட்டுவிட்டான்.

அப்புறம் உத்தரம் மெல்ல ஒருமுறை கிறீச்சிட்டது. ஓர் இழுப்பு. ஒன்றே ஒன்று, நிதானமாக. அவர் இறங்கிய நாளில் இருந்து அந்தக் கயிற்றில் வராத ஒற்றை இழுப்பு.

அடுத்த கணம் கயிறு தொய்ந்தது. எந்த நாளிலும் விறைப்பு குறையாத கயிறு, ஈரத்துணி மாதிரி அவள் கையில் தளர்ந்து விழுந்தது.

"கழட்டிட்டாரு" என்றார் மாமா.

பெரிய உருளையைச் சுற்ற ஆண், பெண் வித்தியாசம் பார்க்காமல் அத்தனை பேரும் தண்டைப் பிடித்தார்கள். கயிறு வந்தது. முதலில் அவள் திரித்தது, பக்கத்து வீட்டுத் தையல்காரி கொடுத்த வெட்டுத்துணிகள் கலந்தது. பிறகு சன்னல் திரை. சாயம் போன போர்வை. நீளமாக, நீளமாக அம்மா திரித்த நார், அவள் முறுக்கு எப்போதும் ஒரு சுற்று கூட இருக்கும், தொட்டாலே தெரியும். நடுவில் புடவையின் கரை ஒரு மின்னு மின்னிவிட்டு உருளைக்குள் போனது. அக்கா எதையும் பார்க்க நேரமில்லாமல் சுற்றினாள், பார்த்துக்கொண்டேயும் சுற்றினாள். கடைசியாகத் தோல்வார் மேலே வந்து உத்தரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. கொக்கி உடையவில்லை, வார் அறவில்லை. ஒழுங்காகக் கழற்றி, கயிறு நழுவாதபடி முனையை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகி அனுப்பியிருந்தார். ஊருக்குப் போகிறவருக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பது போன்ற ஒரு கட்டு.

அதை வைத்துக்கொண்டு நிற்க நேரமா இருந்தது. கயிற்றை ஓர உருளைக்கு மாற்றி, சுவரை ஒட்டி இறக்கினார்கள். விளிம்பில் காற்று சூடேறிவிட்டது. கம்பியில் துணி படபடத்தது. அக்கா குப்புறப் படுத்து, கயிற்றை உள்ளங்கையில் ஓடவிட்டு, அவன் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். குரல் வரவில்லை. கயிறு இறங்கியது. பாறையில் தட்டியது. நின்றது. செத்துவிட்டான் என்றே நினைத்தாள். அந்த நினைப்பு வந்த பிறகுதான் கையில் அந்த இழுப்பு வந்தது, பலமே இல்லாமல், எண்ணி எண்ணி. ஒன்று. இரண்டு. மூன்று.

அவனை மேலே எடுத்தபோது காது மடல்களும் கைகளும் வெந்து சிவந்திருந்தன, புருவம் கருகியிருந்தது, கால் வீங்கித் தொங்கியது. உயிர் இருந்தது. அப்பாவின் வாரை இடுப்பில் கட்டியிருந்தான். அவனுக்கு அது சரியாகப் பொருந்தியது. அவனுக்குப் பின்னாலேயே பள்ளம் முழு மூச்சையும் விட்டது. கொட்டகைக் கூரைத் தகடுகள் அதிர்ந்தன.

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வாரைத் தடவிப் பார்த்தான். அதன் உள்பக்கத் தோல் தேய்ந்து ஒரு மனுஷனின் இடுப்பு அச்சாகப் பதிந்திருந்தது.

"அக்கா, இது அப்பாவோடதாச்சே. அவரு எப்படி ஏறி வருவாரு?"

அவள் வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தாள், அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. கேட்டதும் கொடுத்துவிட்டார். எதற்கு என்று தெரியாது, யாருக்கு என்று தெரியாது, தன் பிள்ளை அங்கே மாட்டிக்கிடந்தது தெரியாது, தம்பி என்று ஒரு பிள்ளை பிறந்ததுகூடத் தெரியாது. வீட்டில் கயிறு இல்லை, கேட்கிறார்கள் என்று மட்டும் புரிந்திருக்கிறது. கழற்றிக் கொடுத்துவிட்டார். அம்மாவின் புடவை போனபோது கேட்டிருக்கலாம். தொட்டில் துணி போனபோது கேட்டிருக்கலாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று தெரியாதவர்களா அவர்கள்? வருஷக் கணக்காக அம்மாவும் அவளும் கயிற்றின் இந்த முனையில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்து கேட்காமல் மனசுக்குள் அவரைத் திட்டியே தீர்த்திருக்கிறார்கள். அவராக நினைத்துப் பார்த்திருக்கக் கூடாதா என்ற கோபமும் போகவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, ஓவென்று, வெட்கமே இல்லாமல். தம்பி வெந்த கையோடு அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

மூச்சு அடங்கியது. அன்றைக்கு அதில் இலையும் வரவில்லை, இறகும் வரவில்லை. ஜனங்கள் மெல்லக் கலைந்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தம்பியின் இடுப்பிலிருந்து வாரை அவிழ்த்தாள். கயிற்றை மறுபடி பெரிய உருளைக்கு மாற்றி, உத்தரத்தின் மேல் போட்டு, வாரோடு நடுப் பள்ளத்துக்குள் இறக்க ஆரம்பித்தாள். மாமா கையைப் பிடித்தார். வளைவுகளில் நுழைத்து எடுத்துப் போக அங்கே ஆள் இல்லை, முதல் வளைவோடு நின்றுவிடும், அவர் இருக்கிற இடத்துக்கு இது எட்டவே எட்டாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவளுக்குத் தெரியாததா. அதில் பாதி அவள் கையால் திரித்த கயிறு.

"வளைவு வரைக்கும் அவரு நடந்து வரட்டும்" என்றாள். "வந்து பாத்தா, கயிறு இருக்கணும்ல."

உருளை காலியாகும் வரை இறக்கினாள். பிறகு கைப்பிடியை உரிந்த கையால் பிடித்து, மூன்று இழுப்பு இழுத்தாள். தம்பி தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடியும் மூன்று இழுத்தாள்.